சாமி பங்கும் நெல் பாக்கியும்: டெல்டா அரிசி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2016 நவம்பர் கடைசியில் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரிசி ஆலைக் குடும்பம் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டுபட்டு நின்றது. நெல் போட்ட விவசாயிகளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சாமிக்கென்று மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த பணம் மட்டும் தனியே இருக்கிறது. அதை எடுத்துப் பாக்கியைத் தீர்க்கலாமா? கூடவே கூடாது என்றார் முதலாளியின் தாயார். எடுத்தால்தான் ஆகும் என்றார் முதலாளி, ஆனால் அவருக்கும் மனசு முழுதாக ஒப்பவில்லை.

டெல்டாவில் சிறுதொழில்களுக்குக் கணக்கும் கடன் விண்ணப்பமும் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் குடும்பம் பழைய பேரேடுகளைப் புரட்டிப் பார்க்க விட்டது, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள், அதனால் இங்கே இல்லை. "நாங்கள் கொள்கையோடு தொழில் செய்கிறவர்கள்" என்று சொல்லாத முதலாளியை இந்த வேலையில் நான் பார்த்ததில்லை. பலர் அதை மனதாரத்தான் சொல்கிறார்கள். அந்தக் கொள்கைக்கு ஆகிற செலவு யார் பையிலிருந்து போகிறது என்று பேரேட்டில் தேடினால் மட்டும் சில இடங்களில் முதலாளி பெயர் இருக்காது. இந்த ஆலையின் கதையை எழுத நினைத்ததற்கு அதுதான் காரணம். தங்கள் கணக்கிலேயே அதைத் தேடிப் பார்த்த குடும்பம் இது.

ஆலையும் அதன் மூன்று விதிகளும்

வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கிற ஆலை. தாத்தா காலத்தில் கூலிக்கு அரைக்கிற ஹல்லர் மில். அப்பா காலத்தில் புழுங்கல் தொட்டியும் களமும் வந்தன. இப்போதைய முதலாளி உமியில் எரியும் பாய்லர், டிரையர், அரிசி நிறம் பிரிக்கிற சார்டெக்ஸ் இயந்திரம் எல்லாம் போட்டிருக்கிறார். சுற்று வட்டாரத்தில் நெல் வாங்கி, அரைத்து, கூத்தாநல்லூர், திருவாரூர், நாகப்பட்டினம் மொத்தக் கடைகளுக்கு அரிசி போடுகிறார்.

டெல்டா விவசாயிக்கு முதல் வாசல் அரசின் நேரடி கொள்முதல் நிலையம்தான். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை அடித்த சில பருவங்களில் தளர்வு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அது வந்து சேர்வதற்குள் நெல் களத்தில் முளைத்துவிடும். நிலையம் திறக்காத நாளிலும், நெல் ஈரமாக இருக்கிற நாளிலும், கைக்கு உடனே காசு வேண்டிய நாளிலும் விவசாயி தனியார் ஆலைக்கு வருகிறார். அதாவது அவர் பேரம் பேச முடியாத நிலையில் வருகிறார். இந்த ஆலையின் நேர்மையை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

தாத்தா விட்டுப் போன விதிகள் மூன்று. எடையில் கை வைக்கக் கூடாது. அமாவாசையன்று ஆலை ஓடக் கூடாது. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் சாமி பங்கு உண்டு, அதைக் காசு கைக்கு வந்த அன்றே பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது விதி நம் பக்கத்து வியாபாரிகளுக்குப் புதிதில்லை. மகமை என்ற பெயரில் எத்தனையோ கடைவீதிகளில் மூட்டைக்கு இவ்வளவு, பில்லுக்கு இவ்வளவு என்று எடுத்துக் கோயில் திருவிழாவும் பள்ளிக்கூடமும் நடத்தியிருக்கிறார்கள். தஞ்சாவூர்ச் சீமையில் தர்மம் என்றாலே அதன் அடியில் நெல் இருக்கும். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தில் அத்தனை பேருக்குச் சோறு போட முடிந்ததும் நிலத்து விளைச்சலால்தான். இந்த ஆலையில் அந்தப் பங்கு ஒரு இரும்புப் பெட்டிக்குப் போனது. வருஷம் முழுக்கப் பெட்டி திறக்கப்படாது. தைப்பூசத்துக்கு முன்னால் திறந்து, குலதெய்வமான ஐயனார் கோயில் செலவுக்கும் ஊருக்குப் போடுகிற அன்னதானத்துக்கும் எடுப்பார்கள்.

2016: தண்ணீரும் இல்லை, நோட்டும் இல்லை

அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை, செப்டம்பர் 20-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்குக் குறுவை போனது. போர் போட்டு பம்ப்செட் வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை அறுத்தார்கள். அந்த நெல்லைத்தான் ஆலை அக்டோபரில் வாங்கியது. பத்து நாளில் பணம் என்பது பேச்சு. சம்பாவை நம்பி இருந்தவர்களுக்கு வடகிழக்குப் பருவமழையும் கைகொடுக்கவில்லை. அடுத்த ஜனவரி 10-ல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று தமிழக அரசு அறிவித்தது. டெல்டாவிலிருந்து விவசாயிகளின் சாவுச் செய்திகள் வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. எழுதவே மனம் வராத காலம்.

நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. அரிசி வாங்கிய கடைக்காரர்களிடம் காசு சுழலவில்லை, ஆலைக்கு வரவேண்டியது நின்றது. நடப்புக் கணக்கில் வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் பணமாக எடுக்கலாம் என்று வரம்பு. செக் கொடுக்கலாம் என்றால் விவசாயிகளில் பெரும்பாலோருக்குக் கூட்டுறவில்தான் கணக்கு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவோ மாற்றவோ கூடாது என்று நவம்பர் 14-ல் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அங்கே பணம் கொடுக்கப் பணமே இல்லை.

அந்த வாரங்களில் ஆலைக்கு வேறொரு யோசனையும் வந்தது. பழைய நோட்டு வைத்திருந்த சிலர், "அரிசிக்கு முன்பணம் வாங்கினதா பழைய தேதியில எழுதிக்குங்க, உங்களுக்கு ஒரு பங்கு" என்றார்கள். ஒத்துக்கொண்டிருந்தால் விவசாயி பாக்கி ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கும். தாத்தாவின் மூன்று விதிகளில் எதுவும் இதைத் தடுக்கவில்லை. முதலாளி சொன்ன காரணம் இவ்வளவுதான்: "பேரேடு முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டிருக்கோம். அதுக்குக் கீழே நடக்காத தேதியை எப்படி எழுதுறது?" வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் இரும்புப் பெட்டி பற்றிய பேச்சு வந்தது. அதில் இருந்த நோட்டுகளில் பெரும்பாலானவை 500 ரூபாய். டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்டவில்லை என்றால் அவை வெறும் காகிதம். தைப்பூசமோ பிப்ரவரியில். ஆக, பெட்டியை எப்படியும் திறந்தாக வேண்டும். வங்கியில் கட்டியபோது தொகை தெரிந்தது. விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

தாயார் சொன்னதும் பாய் சொன்னதும்

தாயாரின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. "அது நம்ம காசு இல்லடா. நம்ம காசா இருந்தா நீ யாருக்கு வேணும்னாலும் குடு, நான் கேக்க மாட்டேன்" என்றார். பிறருக்கென்று ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதே என்பது கணக்கு முறையிலும் சரியான பேச்சு. தொழில் நொடிக்கும்போது முதலாளிகள் முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட பணத்தில்தான். தொழிலாளியின் சேமநிதிப் பிடித்தத்தைக் கட்டாமல் சுழற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். "அடுத்த மாசம் வச்சிடலாம்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள்.

முதலாளி அப்போது ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். பேரேட்டுக்குள் மடித்து வைத்த நீளக் காகிதம், இன்றும் இருக்கிறது. இடது பக்கம் பெயர், நடுவில் மூட்டைக் கணக்கு, வலது பக்கம் தொகை. தொகைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு சொல் மட்டும்: "நடவு கூலி", "பிரசவம்", "குத்தகை", "பையன் ஃபீஸ்", ஒரு பெயருக்கு நேரே "அவசரமில்லை". வாரம் எடுக்க முடிந்த 50,000 ரூபாயை அந்தப் பென்சில் சொற்களைப் பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்துவந்தார்.

கூத்தாநல்லூர் மொத்த வியாபாரி ஒருவர் அந்த வாரம் ஆலைக்கு வந்திருந்தார். இருபது வருஷப் பழக்கம். முதலாளி அவரை பாய் என்பார், அவர் முதலாளியை அண்ணே என்பார். பட்டியலைப் பார்த்தார், பெட்டி விஷயத்தைக் கேட்டார். அவர்கள் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஹனஃபி வழி. ஜகாத் கணக்குப் போடும்போது கொடுக்க வேண்டிய கடனை முதலில் கழிப்பார்கள், மிச்சத்தில்தான் இரண்டரை சதவீதம். "எங்க கணக்குல கடனைக் கழிச்சிட்டு மிஞ்சுறதுக்குத்தான் ஜகாத்துண்ணே. அடுத்தவங்க காசுல தர்மம் பண்ண முடியாதுல்ல" என்றார். அம்மா அது நம்ம காசில்லைங்கிறாங்க என்று முதலாளி சொன்னதும், "நெல்லு மட்டும் நம்மளதாண்ணே? அதுக்கு இன்னும் காசு குடுக்கலியே" என்று கேட்டாராம்.

இந்தக் கேள்வி முதலாளியைப் பிடித்துக்கொண்டது. விற்ற அரிசிக்குச் சாமி பங்கு அன்றே எடுத்தாயிற்று. ஆனால் அந்த அரிசியின் நெல்லுக்குப் பணம் போகவில்லை. அப்படியென்றால் பெட்டியில் விழுந்தது விவசாயியின் காசில் ஒரு பகுதி. ஐயனாருக்கு முதல் மரியாதை செய்ததாக நினைத்த குடும்பம், நெல் போட்டவரைக் காக்க வைத்து அதைச் செய்திருக்கிறது. நல்ல வருஷத்தில் பத்து நாளில் பணம் போய்விட்டதால் இது யார் கண்ணிலும் படவில்லை.

அன்று ராத்திரி தாயாரிடம், "அந்த நெல்லே இன்னும் நம்மளது ஆகலம்மா" என்றார். தாயார் ஒத்துக்கொள்ளவில்லை, தடுக்கவும் இல்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டு ஐயனார் கோயிலுக்குப் போனார். திரும்பி வந்து, "சொல்லிட்டு வந்துட்டேன். கணக்குல கடன்னு எழுதி வை. எழுதாம எடுக்காதே" என்றார். பேரேட்டில் அந்தத் தேதியில் "ஐயனார் வகையில் தர வேண்டியது" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே பட்டியலில் இருந்தவர்களுக்குக் கொடுத்த வரவு செலவு. கூட்டுறவு அல்லாத வங்கியில் கணக்கு இருந்தவர்களுக்கு அதில் போட்டார்கள். மற்றவர்களுக்கு வாரா வாரம் பணமாகப் போனது. மார்கழி முடிவதற்குள் பட்டியல் தீர்ந்தது.

2017 தைப்பூசத்தில் அன்னதானம் இல்லை, சர்க்கரைப் பொங்கல் மட்டும். சாமி காசைத் தின்றுவிட்டான் என்று ஊரில் பேச்சு எழுந்தது. முதலாளி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பணம் வாங்கியவர்கள் பெயரைச் சொல்லித்தான் அதை விளக்க முடியும், அதில் அவருக்கு இஷ்டமில்லை. இந்த முடிவின் விலை அவர் பெயரிலிருந்து போனது. அவரை நான் மதிப்பது இதற்காக.

கணக்கில் ஏறுவதும் கையிலிருந்து இறங்குவதும்

அதற்குப் பிறகு முதலாளி விதியைத் திருப்பிப் போட்டார். எல்லாப் பாக்கியும் தீர்ந்த பிறகு, வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால் சாமி பங்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்தது வேறு. 2017-ல் மிச்சம் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது, ஆலைக் கொட்டகையின் தகரம் பறந்தது, சாக்கு சாக்காக அரிசி நனைந்தது, அந்த வருஷமும் மிச்சம் இல்லை. இரண்டு வருஷம் தொடர்ந்து சாமி பங்கு என்ற பேச்சே எழவில்லை. வருஷக் கடைசியில் மிச்சம் என்று ஒன்று தானாக நிற்காது. புது பெல்ட், லாரி எஃப்.சி., வீட்டில் ஒரு விசேஷம் என்று ஏதாவது ஒன்று அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தாத்தா ஏன் "காசு வந்த அன்றே" என்று வைத்தார் என்பது அப்போதுதான் இவருக்கு விளங்கியது.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்த மகள் 2019-ல் ஊரோடு வந்துவிட்டார். பாட்டி எழுதச் சொன்ன வரியைப் பழைய பேரேட்டில் பார்த்தவர் அவர்தான். "அப்பா, பாட்டி அன்னைக்கே வழி சொல்லியிருக்காங்க. இதை ஒரு தடவை மட்டும் ஏன் எழுதினீங்க?" என்று கேட்டார். இப்போது நடக்கிற முறை அவர் வைத்தது. மூட்டை விற்றதும் சாமி பங்கு கணக்கில் கடனாக ஏறிவிடும், தாத்தா சொன்னபடி அன்றே. பணம் கையிலிருந்து இறங்குவது மட்டும் வரிசைப்படி. முதலில் கூலி. அடுத்து நெல் பாக்கி, அதிலும் குத்தகைக்காரர், சிறு விவசாயி முதலில். அப்புறம் மின்கட்டணம், வங்கி வட்டி. அதற்குப் பிறகு ஐயனார். கடைசியில் வீடு.

எந்தத் தொழிலிலும் பணம் தானாக ஓடுகிற வரிசை ஒன்று உண்டு. யாரால் நமக்கு உடனே தொல்லை வருமோ அவருக்கு முதலில் போகும். மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும், வங்கி நோட்டீஸ் அனுப்பும். நெல் போட்டவர் வாசலில் நின்று "பார்த்துச் செய்யுங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். பக்தியுள்ள வீட்டில் சாமியிடமும் பயம் இருக்கிறது, அதனால் சாமிக்கும் முதலில் போய்விடும். விவசாயியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பயத்தைப் பார்க்காமல் நியாயத்தைப் பார்த்து வரிசை போட்டு, அதை எழுதி, கணக்குப்பிள்ளை மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருப்பதுதான் இந்த ஆலை செய்த பெரிய காரியம் என்பேன். வங்கி வட்டியை நெல் பாக்கிக்குப் பின்னால் வைத்ததால் சில மாதம் அபராத வட்டி கட்டியிருக்கிறார்கள், அதுவும் பேரேட்டில் இருக்கிறது.

2020-லும் 2021-லும் மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தது, குறுவை நன்றாக வந்தது. 2016-லிருந்து ஏறி நின்ற ஐயனார் கடன் 2022 தைக்குள் முழுதும் தீர்ந்தது. விடுபட்ட இரண்டு ஆண்டுப் பங்கையும் மகள் விற்பனைக் கணக்கை வைத்துக் கூட்டிச் சேர்த்திருந்தார்.

எடையில் கை வைக்காத ஆலையில் எது இடித்தது

தாத்தாவின் முதல் விதியை மூன்று தலைமுறையும் அப்படியே காப்பாற்றியது. தராசு சரி. 60 கிலோ மூட்டை என்றால் 60 கிலோதான், சாக்கு எடை மட்டும் தனி. வட்டாரத்தில் இதற்கு நல்ல பெயர் உண்டு, குடும்பத்துக்கு இதில் பெருமையும் உண்டு.

ஆனால் மகள் வந்த புதிதில் ஒரு கேள்வி கேட்டார்: ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறோம், எதை வைத்து? பதில்: கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து, மேஸ்திரி சொல்கிற அளவு. மேஸ்திரி அனுபவசாலி. யாரையும் ஏமாற்ற நினைப்பவரும் இல்லை. ஆனால் ஆலையில் சம்பளம் வாங்குகிறவர். சந்தேகம் வந்தால் பல் எந்தப் பக்கம் சாயும்?

கணக்கைப் பார்ப்போம். 60 கிலோ நெல் 22 சதவீத ஈரத்தில் வந்தால், அரைக்கத் தோதான 14 சதவீதத்துக்குக் காயும்போது 54.4 கிலோ ஆகிவிடும். அதே நெல் 18 சதவீத ஈரத்தில் வந்திருந்தால் 57.2 கிலோ நிற்கும். ஆக, 18-ஐ 22 என்று மேஸ்திரி சொன்னால் மூட்டைக்கு 2.8 கிலோ விவசாயிக்கு நஷ்டம். 2016-17-ல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டாலுக்கு 1,470 ரூபாய். அந்த விலையில் 2.8 கிலோ என்பது 41 ரூபாய். நூறு மூட்டை போட்டவருக்கு 4,100 ரூபாய். தராசில் அரைக் கிலோ குறைந்தால் சண்டைக்கு வருகிற விவசாயி, இந்த 2.8 கிலோவைப் பார்க்கவே முடியாது.

தாத்தா காலத்தில் ஏமாற்று நடந்த இடம் மரக்காலும் தராசும். அங்கே அவர் காவல் வைத்தார். பின்னாளில் ஏமாற்று ஈரப்பதத்துக்கு இடம் மாறியது. விதி பழைய இடத்திலேயே காவல் நின்றுகொண்டிருந்தது, குடும்பமும் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது. பரம்பரைக் கொள்கை உள்ள தொழில்களில் நான் அடிக்கடி காண்கிற குறை இது. கொள்கையில் பிழை இருக்காது. அது எழுதப்பட்ட காலத்துச் சபலங்கள் மட்டுமே அதற்குத் தெரியும், அவ்வளவுதான். எது விதியில் இல்லையோ அதில் மனசாட்சி உறுத்துவதும் இல்லை.

ஈரப்பத மீட்டர் வாங்கினார்கள். அதை வைத்த விதம் முக்கியம். முதலில் அலுவலக மேசையில் இருந்தது, அளவைச் சொல்வார்கள், விவசாயி கேட்டுக்கொள்வார். ஒரு வயதான விவசாயி மகளிடம், "ஏம்மா, அது என்ன சொல்லுதுன்னு எனக்கும் காட்டலாம்ல" என்றார். அன்றே மீட்டரை எடைக்குப் பக்கத்தில் திண்ணைக்குக் கொண்டுவந்து, எண் விவசாயியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார்கள். எத்தனை சதவீதத்துக்கு எத்தனை கிலோ கழிவு என்ற அட்டவணை சுவரில் பெரிய எழுத்தில். மாதிரி எடுக்கக் குத்தூசியை மூட்டையின் நடுவில் விட வேண்டும், மேல் நெல்லை அள்ளக் கூடாது. மூன்று மூட்டையில் எடுத்துச் சராசரி. விவசாயிக்குச் சந்தேகம் என்றால் எந்த மூட்டை என்று அவரே காட்டலாம். மேஸ்திரி ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது வாய்த் தகராறு இல்லாமல் வேலை முடிவதால் அவருக்கே இது வசதி.

இதனால் ஆலைக்கு நெல் குவிந்ததா? இல்லை. பத்து ரூபாய் கூட வைத்த வெளியூர் வியாபாரிக்குப் போட்டவர்கள் பலர். 2016-ல் பட்டியலில் முதல் பத்துக்குள் பணம் வாங்கியவர்களிலும் சிலர் அப்படிப் போனார்கள். முதலாளிக்கு வருத்தம் இருந்தது, ஆனால் "அவங்க நெல்லு, அவங்க இஷ்டம்" என்றார். நேர்மையாக இருந்தால் வியாபாரம் தானாகப் பெருகும் என்று மேடையில் பேசுகிறார்கள். இந்த ஆலையின் பேரேட்டில் அதற்கு ஆதாரம் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். பெருகாது என்று தெரிந்தும் மீட்டரைத் திருப்பி வைத்தபடியே வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சின்னச் சின்ன சோதனைகள்

சாக்கில் படம். அரிசிப் பைக்கு ஒரு பெயரும் படமும் வேண்டும் என்றபோது, ஐயனார் படத்தைப் போட்டால் ஓடும் என்றார் பை அச்சடிப்பவர். முதலாளி மறுத்துவிட்டார். அரிசி தீர்ந்த பிறகு பை கடைத் திண்ணையில் விரிப்பாகும், மிதியடியாகும், சாக்கடை ஓரம் கிடக்கும். "வணங்குற சாமியை மிதிக்கக் குடுத்துட்டு நான் என்ன விளக்கேத்துறது?" என்றார். பையில் இப்போது நெற்கதிர் மட்டும். இதில் விற்பனை போயிருந்தால் அது அவருடைய விற்பனை. மற்றவர் யாருக்கும் இதனால் நஷ்டமில்லை. நம்பிக்கையைக் கடைப்பிடிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

26 கிலோ பை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை என்றால் வரி இல்லை. ஊர் ஊராக 26 கிலோ பை முளைத்தது. வரிக்காகவே ஒரு பையா என்று மகளுக்குச் சங்கடம். சட்டம் விட்ட வழிதானே, வரி போட்டால் அது வாங்குகிறவர் தலையில்தான் விழும் என்றார் அப்பா. 26 கிலோ பைக்கே போனார்கள், எடையைப் பெரிதாக அச்சடித்தார்கள். இதில் தப்பொன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கஜாவில் நனைந்த அரிசி. சார்டெக்ஸில் விட்டால் பழுத்த மணிகள் பிரிந்துவிடும், வாடையைப் பழைய அரிசியோடு கலந்து மறைக்கலாம். செய்யவில்லை. கோழித் தீவனத்துக்குப் போனது.

கடன் விற்பனை. கூத்தாநல்லூர் பாய் வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். நாள் தள்ளினால் மாதத்துக்கு இவ்வளவு வட்டி என்பது சந்தை வழக்கம். இவர்களுக்குள் ரொக்க விலை ஒன்று, 45 நாள் விலை ஒன்று. எது என்பதை மூட்டை ஏற்றும் முன்பே பேசி முடிப்பார்கள், பிறகு விலை ஏறாது. அவர் மார்க்கத்திலும் முன்கூட்டியே பேசிய தவணை விலைக்குத் தடையில்லை, தாமதமானதற்காகப் பின்னால் ஏற்றுவதுதான் கூடாது. முதலாளிக்கு இந்த முறை பிடித்துப்போய் மற்ற கடைகளுக்கும் இதையே வைத்துவிட்டார். எவ்வளவு தர வேண்டும் என்று இரண்டு பக்கமும் முதல் நாளே தெரிவதால் தகராறுகள் குறைந்திருக்கின்றன.

அமாவாசைக் கூலி

இனி தீராத விஷயம். அமாவாசைக்கு ஆலை ஓடாது. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள், சில ஆண்டு பதின்மூன்று. ஆலைக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, பாய்லர் சுத்தம் செய்யவும் சல்லடை மாற்றவும் மாதம் ஒரு நாள் எப்படியும் நிறுத்த வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கும் இழப்பில்லை. மூட்டைக் கூலிக்கு வேலை பார்க்கிற லோடுமேன்களுக்கு மட்டும் அன்றைக்கு வருமானம் கிடையாது. அவர்களில் அமாவாசை பார்க்கிறவர்களும் உண்டு, பார்க்காதவர்களும் உண்டு, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களும் உண்டு.

பல ஆண்டுகள் யாரும் இதைப் பேசவில்லை. மகள் கூலி வரிசையை எழுதி ஒட்டிய பிறகுதான், லோடுமேன்களில் மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு, "கூலி முதல்லன்னு போட்டிருக்கீங்க பாப்பா. அமாவாசைக்கு உங்களுக்கு விரதம், எங்களுக்கு வேலையில்லாத நாளு. அது எந்த வரிசையில வருது?" என்று கேட்டார்.

முதலாளி அரைக்கூலி கொடுக்கச் சம்மதித்தார். இப்போது அதுதான் நடக்கிறது. அவர் வாதம்: நானும் அன்றைக்கு ஓட்டத்தை இழக்கிறேன், ஆளுக்குப் பாதி. எனக்கு இந்த வாதம் சரியாகப் படவில்லை, அவரிடமே சொன்னேன். ஆலையை நிறுத்துவது அவர் நம்பிக்கை, முடிவு அவருடையது, பாய்லர் சுத்தம் செய்கிற லாபமும் அவருக்கு. லோடுமேனிடம் யாரும் கேட்கவில்லை. சாக்கில் ஐயனார் படம் போடாதபோது முழுச் செலவையும் தானே ஏற்றவர், இதில் மட்டும் பாதியை ஏன் இறக்கி வைக்க வேண்டும்? அவர் மறுத்துப் பேசவில்லை, யோசிக்கிறேன் என்றார்.

முந்தைய மூன்று மாத மூட்டைக் கணக்கின் சராசரியை வைத்து அமாவாசைக்கு முழுக்கூலி என்று மகள் ஒரு திட்டம் எழுதி வைத்திருக்கிறார். பாட்டி, அன்னதானத்தைக் கொஞ்சம் சுருக்கி அதிலிருந்து கொடுத்துவிடலாம் என்கிறார். இதை லோடுமேன்களிடம் சொன்னபோது அவர்கள் ஏற்கவில்லை. தைப்பூசத்துக்குச் சோறு வடிப்பதும் பந்தி பரிமாறுவதும் அவர்கள் குடும்பங்கள்தான், அதில் ஒரு அண்டா குறைவதை அவர்கள் விரும்பவில்லை. கொடுப்பதானால் ஆலைக் கணக்கிலிருந்து கொடுங்கள், சாமி கணக்கிலிருந்து வேண்டாம் என்று மூத்தவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் பக்கம்தான் நியாயம். வரும் ஏப்ரல் புதுக்கணக்குக்கு முன்னால் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று மகள் இருக்கிறார். அதுவரைக்கும் அரைக்கூலிதான்.